மூன்றாவது சீட்டு

நெய்யூர்
8 ஜனவரி 2024

அன்புள்ள ஜான்ரோஸ் அண்ணாவுக்கு,

தங்கச்சி ஜெஸ்பின் எழுதுவது. நீங்களும் சத்தியபாய் மயினியும் மலைக் குளிரைத் தாங்கிச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வீட்டுக்காரரும் பிள்ளை ஜினியும் சுகம். என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்காதீர்கள். வாரம் ஒருமுறை ஜீப்பில் மலையிறங்கினால்தான் உங்களுக்குச் சிக்னல். இறங்கி வந்து கூப்பிட்டால் நான் அழுகிறேன், நீங்கள் ஜெபிக்கிறீர்கள், உங்கள் போனில் சார்ஜ் தீர்ந்துபோகிறது. இதுவரை ஒரு காரியமும் பேசி முடித்ததில்லை.

என் இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். பள்ளிக்கூடத்துக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், "டீச்சருக்கு மூத்திரம் வரல்லியாம்" என்று வீடுவீடாகச் சொல்லி வைத்திருக்கின்றன. நான் சிரிப்பதா அழுவதா?

வேறொருவருடைய கிட்னியை வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அந்தப் பேச்சே வேண்டாம் என்றேன். புத்தாண்டு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில் கர்த்தர் சுகம் தருவார் என்றுதான் இருக்கிறது. இன்னொருவர் வயிற்றைக் கிழித்துத் தருவார் என்று இல்லை. என் கர்த்தர் என்னை யார் முன்னாலும் கைநீட்ட விடமாட்டார். அப்படி அவர் என்னை வளர்க்கவில்லை.

மயினியிடம் என் அன்பைச் சொல்லுங்கள். ஜெபத்தில் என்னை விட்டுவிடாதீர்கள்.

அன்புத் தங்கச்சி
ஜெஸ்பின்


மிஷன் வளாகம், ஒடிசா
2 பிப்ரவரி 2024

கர்த்தருக்குள் பிரியமான தங்கச்சி ஜெஸ்பினுக்கு,

அவருடைய கிருபை உன்னையும் மாப்பிள்ளை ஜெபசிங்கையும் மருமகள் ஜினியையும் மூடிக் காப்பதாக. நாங்கள் சுகம். சத்தியபாய்க்கு மட்டும் மூட்டுவலி.

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். மறுபடி படித்தபோது சந்தோஷப்பட்டேன். சின்ன வயதில் ஞாயிறு பள்ளிக்குப் போக அடம்பிடித்தவளுக்கு இவ்வளவு விசுவாசமா! நீ டாக்டரிடம் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சரீரம் என்பது அவருடைய ஆலயம். ஓர் ஆலயத்தின் தூணைப் பெயர்த்து இன்னோர் ஆலயத்தில் நடுவது அவருக்குப் பிரியமாக இருக்குமா? இருக்காது என்றே என் ஆவியில் உணர்கிறேன்.

இங்கே மஞ்சள்காமாலையில் எழும்ப முடியாமல் கிடந்த ஒரு பெரியவருக்காகச் சபையாக ஜெபித்தோம். இப்போது அவர் விறகு வெட்டப் போகிறார். உனக்கும் அப்படியே ஆகும். மனுஷருடைய யோசனைக்குக் காதுகொடுக்காதே. டாக்டர் மறுபடி கேட்டாலும் இதையே சொல்லு.

கர்த்தருடைய ஊழியத்தில்
உன் அண்ணன் ஜான்ரோஸ்

பின்குறிப்பு: டாக்டர் யாருடைய பெயரையாவது குறிப்பாகக் கேட்டாரா?


நெய்யூர்
10 மார்ச் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் மயினியும் சுகந்தானே? மயினியின் மூட்டுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் பின்குறிப்புக்கு முதலில் பதில். கேட்டார். அம்மா அப்பா இல்லை, வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்றதும், கூடப் பிறந்தவர்கள் உண்டா என்றார். ஓர் அண்ணன், மலையில் ஊழியம் செய்கிறார் என்றேன். ரத்த குரூப் என்ன என்றார். எனக்கும் அண்ணனுக்கும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சை எடுத்தேன்.

அண்ணா, டயாலிசிஸ் இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. மரச்சீனிக் கிழங்கு கூடாது, இளநீர் கூடாது, தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். திருவிருந்தில் போதகர் கிண்ணத்தை நீட்டியபோது, இன்னொரு வாய் கிடைக்காதா என்று நினைத்தேன். இரட்சிப்பை நினைக்கவில்லை, தாகத்தை நினைத்தேன். 

பக்கத்துக் கட்டிலில் குளச்சல் இசபெல். மீன் ஏலத்தில் கூவிப் பழகிய தொண்டை, வார்டு முழுக்கக் கேட்கும். "ஏட்டி, அந்தோணியாரு நான் சொன்னா கேப்பாரு. நீ ஒனக்க ஆண்டவர்ட்ட சரியா சொல்லல்ல" என்கிறாள். அண்ணன் இருப்பதை அறிந்ததும், "பின்ன என்னத்துக்குட்டி கெடந்து வெப்ராளப்பட்டுத் தவிக்குதே? அண்ணன் தரணும். அந்தோணியாருக்கும் அதுதான் இஷ்டம்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். என் அண்ணனை அந்தோணியாருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதற்கும் சிரிக்கிறாள்.

ஆனால் யோசிக்கிறேன். ஒன்று போதும் என்கிற இடத்தில் கர்த்தர் ஏன் இரண்டு வைத்தார்? ஒருவேளை பங்குபோடத்தானோ? இப்போதெல்லாம் ஜெபிக்கும்போது அவர் இப்படித்தான் எனக்கு உணர்த்துகிறார். வேதம் படித்தவர் நீங்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

பதிலை எதிர்பார்த்திருக்கும்
ஜெஸ்பின்


மிஷன் வளாகம், ஒடிசா
21 ஏப்ரல் 2024

கர்த்தருக்குள் பிரியமான ஜெஸ்பினுக்கு,

உயிர்த்தெழுந்தவருடைய சமாதானம் உன் வீட்டில் தங்குவதாக. பதில் எழுதத் தாமதம். தவக்காலக் கூட்டங்கள், பண்டிகை, அதன்பின் ஜீப் ரிப்பேர். ஈஸ்டருக்கு மூன்று குடும்பங்கள் ஞானஸ்நானம் பெற்றன. பலா நன்றாகக் காய்த்திருக்கிறது. ஆலயத்துக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று.

நீ கேட்டது எனக்குப் புரிந்தது. நேராகக் கேட்கவில்லையென்றாலும் புரிந்தது. மனிதனாக நான் எதையும் முடிவு செய்யக் கூடாது என்று உபவாசமிருந்து சீட்டுப் போட்டேன். நம் ஊரில் சம்பந்தம் பேசும்போது போடுவோமே, அதேபோல. ஒரு தாளில் 'கொடு', இன்னொன்றில் 'வேண்டாம்'. வேதத்துக்குள் வைத்து முழங்காலில் நின்று ஜெபித்து, ஒன்றை எடுத்தேன்.

'வேண்டாம்' என்று வந்தது.

எனக்கு எவ்வளவு துக்கம் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆனால் அவர் பேசியபின் நான் யார்? அவருடைய சித்தத்தை மீறி நான் கொடுத்தால் அது உனக்கே சாபமாகலாம். வேறு வழி திறப்பார்.

கண்ணீரோடு
அண்ணன் ஜான்ரோஸ்


மிஷன் வளாகம், ஒடிசா
5 மே 2024

அன்பு ஜெஸ்பினுக்கு மயினி எழுதுவது,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? சரியாகச் சாப்பிடுகிறாயா? சந்தைக்கு இறங்கின இடத்தில் இதை எழுதுகிறேன். அண்ணனுக்குத் தெரியாது.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் ஒரு தரம் போட்டு நிறுத்தவில்லை, மூன்று தரம் சீட்டுப் போட்டார்கள். முதல் தரம் 'கொடு' என்றுதான் வந்தது. "ஜெபம் போதாது" என்று சொல்லி உபவாசமிருந்தார்கள். இரண்டாவது தரமும் 'கொடு' என்றே வந்தது. "மனசு ஒருமுகப்படல்ல சத்தியபாய்" என்று சொல்லி, ஒரு வாரம் ராவும் பகலும் ஜெபம் பண்ணினார்கள். மூன்றாவது தரம் 'வேண்டாம்' வந்தது. உடனே முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னார்கள். அன்றைக்குத்தான் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

ஏமாற்ற நினைத்துச் செய்யவில்லை, ஜெஸ்பின். மூன்றாவதுதான் கர்த்தர் பேசியது என்று மனதார நம்புகிறார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்கள் கொடுக்க வேண்டாம் என்றுதான் எனக்கும் நினைப்பு. அவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த மலையில் நான் எப்படி இருப்பேன்? மூன்றாவது சீட்டு வந்தபோது நானும் உள்ளுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன். அப்படியிருக்க இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. எழுதாவிட்டால் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

இதைப் படித்ததும் கிழித்துவிடு. ஜினிக்கு முத்தம்.

மயினி
சத்தியபாய்


நெய்யூர்
20 மே 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மயினியை நான் மிகவும் கேட்டதாகச் சொல்லுங்கள். இந்த முறை மறக்காமல் சொல்லுங்கள்.

சீட்டில் வந்ததை மாற்ற நான் யார்? நன்றாகக் குலுக்கித்தான் எடுத்திருப்பீர்கள். அதைப் பற்றி இனிப் பேச வேண்டாம்.

இங்கே வேறொரு கூத்து. ஜினி எனக்குத் தெரியாமல் தன் ரத்தத்தைப் பரிசோதித்திருக்கிறாள். நர்சிங் படிக்க வைத்ததற்கு இதுதான் பலன். குரூப் சேருகிறதாம். ஒன்றை எனக்குத் தரப்போகிறாளாம். "யம்மா, நான் ஜெபம் பண்ணினேன். கர்த்தர் குடுன்னு சொன்னாரு" என்று வந்து நிற்கிறாள்.

"ஏட்டி, ஒன்கிட்ட எப்பம் பேசினாரு? எனக்கிட்ட ஒண்ணும் சொல்லல்லியே" என்றேன்.

"ஒனக்கிட்ட என்னத்துக்குச் சொல்லணும்? கிட்னி எனக்குள்ளதாக்கும்."

சிரிப்பு வந்தது, கூடவே கையும் ஓங்கியது. கல்யாணமாகாத பிள்ளை. நாளைக்குப் பிள்ளை பெற வேண்டியவள். அவள் உடம்பில் கத்தி படுவது கர்த்தருக்குக் கொஞ்சமும் பிரியமில்லை. அந்த ராத்திரியே எனக்குத் தெளிவாக உணர்த்திவிட்டார். சரீரம் ஆலயம் என்று நீங்கள் எழுதினீர்களே, அது இவள் விஷயத்தில்தான் சரியான வார்த்தை. பிடிவாதக்காரி என் பேச்சைக் கேட்கவில்லை. தாய்மாமன் சொன்னால் கேட்பாள். அந்தத் தூண் விஷயத்தை அவளுக்கு விளக்கி எழுதுங்கள்.

அன்புடன்
ஜெஸ்பின்


மிஷன் வளாகம், ஒடிசா
12 ஜூன் 2024

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான ஜெஸ்பினுக்கு,

ஸ்தோத்திரம்! உன் கடிதத்தைச் சத்தியபாய்க்கு உரக்க வாசித்துக் காட்டினேன். நான் ஏன் 'வேண்டாம்' என்ற சீட்டைப் பெற்றேன் என்பது இப்போதுதான் விளங்குகிறது. அவர் முன்னமே ஜினியை நியமித்து வைத்திருந்தார்! வேதத்தில் தகப்பன் மகனைப் பலியிடக் கத்தியை ஓங்கியபோது, மலைமேல், புதருக்குள், கடைசி நிமிஷத்தில் மகனுக்குப் பதிலாக அவர் ஆட்டுக்கடாவைக் காட்டவில்லையா? அப்படித்தான் இதுவும்.

தூணைப் பற்றி நான் எழுதியதை நீ எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளாதே. தாய்க்காக மகள் செய்வது தியாகம். தியாகம் அவருக்குச் சுகந்த வாசனை. இளம் உடம்பு, சீக்கிரம் தேறிவிடுவாள். நீ தடுத்தால் அவருடைய கையைத் தடுப்பதாகும். ஜினிக்குத் தனியாக ஆசீர்வாதம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

உங்கள் எல்லோருக்கும் சுகமும் சமாதானமும் உண்டாவதாக.

மகிழ்ச்சியுடன்
அண்ணன் ஜான்ரோஸ்


நெய்யூர்
25 ஜூன் 2024

அண்ணாவுக்கு,

இன்று சுகம் விசாரிக்க மனம் வரவில்லை.

என் பிள்ளை ஆடு இல்லை. நீங்கள் அவளுக்கு எழுதிய ஆசீர்வாதத்தை அடுப்பில் போட்டேன். நன்றாக எரிந்தது.

உங்களை மடக்க வேண்டும் என்று உங்கள் பழைய கடிதங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிப்ரவரியில் தூணைப் பெயர்க்கக் கூடாது என்ற கர்த்தர், ஜூனில் ஜினியின் தூண் என்றதும் பெயர்க்கலாம் என்கிறார். வக்கீல்கூட இவ்வளவு சீக்கிரம் கட்சி மாறமாட்டான். இதை எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். திறந்தபின் நான் எழுதியதெல்லாம் நினைவுக்கு வந்து கை நின்றுபோயிற்று.

ஜனவரியில் என் கர்த்தர் கைநீட்ட விடாதவர். அப்போது வீறாப்பு எனக்கு. மூச்சு முட்டத் தொடங்கியதும் அவர் இரண்டு வைத்ததே பங்குபோடத்தான் என்றார். ஜினி வந்து நின்ற ராத்திரியே உடம்பு ஆலயமாகிவிட்டது. நான் போகிற பக்கமெல்லாம் அவர் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்திருக்கிறார். இசபெலின் அந்தோணியாரைக் கேலி செய்தேனே, எனக்கு என்ன யோக்கியதை? "யம்மா, ஒனக்க கர்த்தரு ஒன்ன மாதிரியே பிடிவாதம் பிடிக்குதாரு" என்று நேற்று ஜினி சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

அவர் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது அண்ணா. ஊசி ஏறும்போது அப்புறம் யாரைக் கூப்பிடுவேன்? ஆனால் அவர் குரல் என்று இத்தனை வருடம் நான் கேட்டதில் அவருடையது எவ்வளவு, ஜெஸ்பினுடையது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது? போதகரிடம் கேட்டால் ஜெபம் பண்ணுங்கள் என்பார். ஜெபம் பண்ணினால் மறுபடி என் குரல்தான் கேட்கும்.

அதனால் அவரைக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு நானே கேட்கிறேன். இதை ஜனவரியிலேயே கேட்டிருக்க வேண்டும்.

அண்ணா, உங்கள் கிட்னியில் ஒன்று எனக்கு வேண்டும். எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது. ஜினியிடம் வாங்க எனக்கு மனம் இல்லை. அது கர்த்தருக்குப் பிரியமில்லாததால் அல்ல, நான் அவளைப் பெற்றவள் என்பதால். உங்களிடம் வாங்க மனம் இருக்கிறது.

முடியாது என்று நீங்கள் சொல்லலாம். சொன்னால் கோபப்படுவேன், அழுவேன், கொஞ்ச நாள் கடிதம் எழுதமாட்டேன். அதற்கு மேல் உங்களிடம் கோபத்தை இழுத்துக்கொண்டு போக என்னால் முடியாது. ஆனால் அந்த 'முடியாது' உங்கள் வாயிலிருந்து வரட்டும். அவர் வாயில் போட்டு அனுப்பாதீர்கள்.

ஜெஸ்பின்


மிஷன் வளாகம், ஒடிசா
4 ஆகஸ்ட் 2024

ஜெஸ்பினுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இந்த ஒன்றரை மாதத்தில் உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எழுத உட்கார்ந்தேன், எழுந்துவிட்டேன். உன் கடிதம் சட்டைப்பையில் இருந்து வியர்வையில் நனைந்து மடிப்பில் கிழிந்துவிட்டது.

போன ஞாயிறு பிரசங்கத்தில், "கர்த்தர் நமக்குச் சொல்லுகிறது என்னவென்றால்" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. சபை பார்த்துக்கொண்டே இருந்தது. பாட்டு நம்பரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ரத்த அழுத்தம் என்று நினைத்து எலுமிச்சம்பழச் சாறு கொண்டுவந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபின், சீட்டுப் போட்டதைப் பற்றித் தான் உனக்கு எழுதியதைச் சத்தியபாய் சொல்லிவிட்டாள். கோபம் வந்தது. "நான் பொய் சொன்னேன்னு நினைச்சியா?" என்று கேட்டேன்.

"இல்ல. நீங்க பயந்திய. அத மட்டும் பாத்தேன்."

"நீ பயப்படல்லியா?"

"ஒங்களவிட எனக்காக்கும் பயம் கூட" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள்.

அவ்வளவுதான் ஜெஸ்பின். வேறு ஒன்றுமில்லை. பயம். இங்கே நர்ஸ் வந்து யாருக்காவது ஊசி போட்டால் நான் வெளியே போய் நின்று ஜெபிப்பேன். ஜனங்கள் அதை விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆலயம், தூண், சீட்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்த்தால், கத்திக்குப் பயந்த ஒரு ஆள்தான் அடியில் உட்கார்ந்திருக்கிறான். மற்றவர்களுக்கு இத்தனை வருடம் நான் என்னென்ன சொல்லிக் கொடுத்தேன் என்று நினைத்தால் தலை சுற்றுகிறது. அதை இப்போது நினைக்கவில்லை.

மறுபடி சீட்டுப் போடவில்லை. ஜெபித்தேன். ஒரு சத்தமும் இல்லை. இவ்வளவு அமைதியாக அவர் என்னிடம் இருந்ததே இல்லை. கைவிட்டுவிட்டாரா, இதுவரை நான் அவரைப் பேசவிடவில்லையா என்று தெரியவில்லை. உன்னைப் போலவே எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

நான் வருகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று. வண்டி 19ஆம் தேதி காலையில் நாகர்கோவில் வந்து சேரும். சோதனை எல்லாம் எடுக்கட்டும். சேராது என்று டாக்டர் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும், அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. சேர்ந்தால் தருவேன். இதை நான் சொல்கிறேன்.

ஒரே ஒரு காரியம். சபையில் எழுந்து நின்று, கர்த்தர் அண்ணனோடு பேசினார், அண்ணன் கீழ்ப்படிந்தார் என்று சாட்சி சொல்லிவிடாதே. அவர் பேசவில்லை.

ஸ்டேஷனுக்கு ஜெபசிங்கை அனுப்பு. வெளியே காரில் இருக்க வேண்டாம், பிளாட்பாரத்துக்கே வந்து நிற்கச் சொல். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால், அடுத்த வண்டியைப் பிடித்து நான் திரும்பினாலும் திரும்பிவிடுவேன்.

அண்ணன்
ஜான்ரோஸ்